காவல்காரன் நிற்கும் இடம்

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கட்டி வந்திருப்பது எந்த இடத்தில் என்று என் பெண்டாட்டியிடம் கேட்டாயாம். அவள் "கீழ்ப்பக்கம், அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். நானும் மழுப்பினேன். இப்போது எழுதிவிடுகிறேன்: விதைப்பையில். வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வயிற்றுக்குள் நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருக்கிறது. மூன்று சுற்று மருந்து ஏற்றினால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும் என்கிறார் டாக்டர். அவ்வளவுதான். இனி இதைப் பற்றி நீயும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

நான் எழுத வந்தது வேறு. முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், குளியலறையில் குழாய் சரியாக மூடவில்லை என்று எழுந்து போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. சமையலறைக்குப் போனேன். அங்கேயும் ஒழுக்கு இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து மாடித் தொட்டி வரை ஏறினேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். சத்தம் மட்டும் கூடவே வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திப் பார்த்தேன். பொத்திய பிறகு இன்னும் தெளிவாகக் கேட்டது.

யோசித்துப் பார், அக்கா. தெருத்தெருவாகப் போய், தார் ரோட்டுக்கு அடியில் எங்கே குழாய் கசிகிறது என்று காதால் கேட்டுச் சொல்வதுதான் என் உத்தியோகம். அப்படிப்பட்டவன் தன் காதுக்குள் இருக்கிற இரைச்சலுக்கு வீடு பூராவும் குழாய் தேடியிருக்கிறேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். இரண்டையும் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

நர்ஸிடம் கேட்டேன். "இந்த மருந்துக்கு அப்படி வரும்" என்று மட்டும் சொன்னார். மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின்.

உன் வேலை காதைப் பற்றியது என்று தெரியும். ஆனால் நீ வளர்ப்பதோ மீன். யாராவது "அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், மீன் டாக்டர் என்று சொல்லி இத்தனை வருஷம் சமாளித்துவிட்டேன். இப்போது நிஜமாகவே கேட்கிறேன். காதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மீன் எதற்கு? மீனுக்குக் காது எங்கே இருக்கிறது? என் காதில் என்ன நடக்கிறது?

உன் வாலு


மார்ச் 3

டேய் வாலு,

முதலில் திட்டிவிடுகிறேன். சத்தம் கேட்க ஆரம்பித்த அன்றே டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை? நர்ஸிடம் போகிறபோக்கில் கேட்டது கணக்கில் வராது. இரண்டாவது சுற்று தொடங்குவதற்கு முன் காது பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல். சாதாரணப் பரிசோதனை போதாது, மிக உயர்ந்த கீச்சு ஒலிகள் வரை பார்க்க வேண்டும் என்று சொல். மறந்துவிடுவாய். ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்.

இப்போது உன் கேள்வி.

காதின் உட்புறம், நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஓர் அறை இருக்கிறது. அதற்குள் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய இழைகள் நின்றுகொண்டிருக்கும். ஒலி வந்தால் இழை சாயும், செல் மூளைக்குச் செய்தி அனுப்பும். பாடப்புத்தகத்தில் இதற்கு மயிர்ச்செல் என்று பெயர். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னாலே பின்பெஞ்சு சிரிக்கும், அதனால் நான் மரியாதையாக முடிச்செல் என்கிறேன். ஒரு காதில் ஏறக்குறைய பதினைந்தாயிரம். ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை. அவ்வளவுதான் நமக்குக் கொடுத்திருப்பது. போனால் போனதுதான், திரும்ப முளைக்காது.

மருந்தால் உன் தலைமுடி கொட்டும். அது மறுபடி வளர்ந்துவிடும். கொட்டினால் வளராத முடி இது.

மீனுக்கு இதே செல்கள் உடம்பின் மேலேயே இருக்கின்றன. பக்கவாட்டில், தலையிலிருந்து வால் வரை, கொத்துக்கொத்தாக. தண்ணீரின் அசைவை அவற்றால்தான் உணர்கிறது. நான் வளர்ப்பது கோடு போட்ட ஒரு சின்ன வகை. குஞ்சாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இதயம் துடிப்பது தெரியும். ஒரு சாயத்தை விட்டால் அந்தச் செல்கள் மட்டும் ஒளிரும். நுண்ணோக்கியில் பார்த்தால், இருட்டில் ஓடும் பஸ்ஸின் ஜன்னல் விளக்குகள். உன் மருந்தைத் தண்ணீரில் கலந்தால் ஒவ்வொரு விளக்காக அணையும். மனிதக் காதைப் பிளந்து பார்க்க முடியாது, மீனை முழுசாக விட்டே பார்க்கலாம். அதனால் மீன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்றுவரை அலுக்காத விஷயம். மீனுக்கு அணைந்த விளக்குகள் சில நாளில் திரும்ப எரிகின்றன. பறவைக்கும் அப்படியே. நமக்கு மட்டும் ஏன் அந்த வழி அடைபட்டது என்று யாருக்கும் இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

போன வருஷத்திலிருந்து ஒரு வேதிப்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு நீண்ட பெயர், நாங்கள் காவல்காரன் என்று கூப்பிடுகிறோம். மருந்தோடு சேர்த்து அதையும் தண்ணீரில் விட்டால் பத்துக்கு ஒன்பது விளக்கு அணையாமல் நிற்கிறது. ஏன் என்பது இன்னும் தெரியாது.

நிறையத் தண்ணீர் குடி. ரோடு உடைக்கிற மெஷின் பக்கம் போகாதே. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது பெரிய சத்தமும் சேர்ந்தால் காதுக்கு இரட்டை அடி.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாவது சுற்று முடிந்தது. வாந்தியைப் பற்றி எழுதி உன் நேரத்தைக் கெடுக்கவில்லை. நல்ல செய்தி, ரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கிற பொருளின் அளவு பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. தலை மொட்டை. பாப்பா தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீ இப்போ பல்பு மாதிரி இருக்க" என்றாள்.

நீ சொன்னபடி காது பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பெட்டி அறை. ஒலி கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்கு இது புதிது இல்லை. எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் இதே பரிசோதனை உண்டு, ஒவ்வொரு வருஷமும் நான்தான் முதல். நல்ல தெம்போடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அமுக்கினேன். அப்புறம் நிசப்தம். நான் சும்மா இருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்தாள்.

"சார், கேட்டா அமுக்குங்க."

"கேட்டாத்தானே அமுக்க முடியும்? நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

 "ஒலி போய்க்கிட்டுதான் இருக்கு சார்" என்றாள், மெதுவாக.

அந்த மெதுவான குரல் நன்றாகக் கேட்டது. அதுதான் கொடுமை.

ஆபீஸ் பரிசோதனைத் தாளில் இருந்த பழைய வரைகோட்டையும் அன்றைய புதிய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். முக்கால்வாசி தூரம் இரண்டும் ஒட்டி வருகின்றன. கடைசியில் புதிய கோடு மட்டும் படியிலிருந்து தடுக்கி விழுகிறது. ஏன் கீச்சு ஒலிதான் முதலில் போகிறது, அக்கா? தடித்த ஒலிக்கு என்ன சலுகை?

வீட்டிலும் சோதனை செய்தேன். நான் சுவரைப் பார்த்து நிற்பேன், பாப்பா சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே பின்னால் போவாள். முன்பு அடுத்த அறை வரை கேட்கும். இப்போது கேட்காமல் இல்லை, ஆனால் அது சாவியாக இல்லை. மரத்துண்டுகள் மோதுகிற மாதிரி இருக்கிறது. சத்தத்தின் மேலிருக்கிற மினுமினுப்பை யாரோ சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஆச்சரியமாக இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

பயம் ஏன் என்றால், இரும்புக் குழாயில் கசிவு இருந்தால் 'ஸ்ஸ்' என்று மெல்லிசாகச் சீறும். கம்பியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துத்தான் கேட்போம். அந்தச் சீறலின் கூர்மையை வைத்துத்தான், இங்கேயா, நாலடி தள்ளியா என்று சொல்வேன். போன வாரம் ஆபீஸுக்குச் சும்மா போனவன், முற்றத்தில் இருக்கிற பயிற்சிக் குழாயில் கம்பியை வைத்துப் பார்த்தேன். கேட்கிறது. ஆனால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி கேட்கிறது.

காவல்காரனைக் கொஞ்சம் அனுப்பு, அக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்றாவது சுற்று மார்ச் 31. ஒரு சின்னக் குப்பி போதும்.

வாலு


மார்ச் 24

வாலு,

அனுப்ப மாட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி. காவல்காரனை மீன் தவிர எந்த உயிருக்கும் இதுவரை கொடுத்ததில்லை. அது உன் கல்லீரலை என்ன செய்யும் என்று தெரியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று. காதிலுள்ள செல்லை மருந்திடமிருந்து காப்பாற்றுகிற பொருள், கட்டியிலுள்ள செல்லையும் காப்பாற்றாது என்று யார் சொன்னார்கள்? இரண்டையும் காப்பாற்றினால் என்ன ஆகும் என்று நீயே யோசி. உன் காது பிழைக்கும், கட்டியும் பிழைக்கும்.

குழந்தைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. கட்டி ஒரே இடத்தில் நிற்கும்போது, மருந்து ஏறி முடிந்து பல மணி நேரம் கழித்து ஓர் உப்பை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அதற்குள் மருந்து கட்டியில் தன் வேலையைச் செய்துவிடும். பிறகு உப்பு வந்து காதைக் காக்கும். பல குழந்தைகளின் காது அப்படித் தப்பியிருக்கிறது. ஆனால் உனக்குப் பரவியிருக்கிறது. பரவிய இடத்தில் அது கட்டிக்குச் சாதகமாகிவிடுமோ என்ற சந்தேகம் தீரவில்லை. உன் டாக்டர் கொடுக்க மாட்டார். கொடுக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

மருந்தை மாற்றலாமே என்று கேட்பாய். உன் வகைக் கட்டிக்கு இதை வெல்லும் மருந்து இல்லை.

கீச்சு ஒலி ஏன் முதலில் போகிறது என்று கேட்டாய். நத்தைக்கூட்டின் வாசலருகே கீச்சு ஒலிக்கான செல்கள், உச்சிச் சுருளில் தடித்த ஒலிக்கானவை. வாசலில் இருப்பவர்களுக்குத்தான் மருந்தின் அடி முதலில் விழுகிறது. வாசலில் இருப்பதால் மட்டும்தானா, அவர்கள் இயல்பிலேயே மெலிந்தவர்களா என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை.

மூன்றாவது சுற்றை முடி. காது எனக்கும் முக்கியம்தான். நீ அதைவிட முக்கியம்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

கடைசி வரை படித்தேன். கோபப்படாமல் படிக்கச் சொன்னாய், அது என்னால் முடியவில்லை.

மீனுக்கு ஒரு நியாயம், தம்பிக்கு ஒரு நியாயமா? ஊர் பேர் தெரியாத குஞ்சுகளுக்கெல்லாம் காவல்காரனை வாரி வாரி விடுகிறாய். எனக்கு என்றால் கல்லீரல், கட்டி, சந்தேகம். பரீட்சைக்குக் கேள்வி எழுதித் தருகிற மாதிரி எழுதியிருக்கிறாய். "நீ அதைவிட முக்கியம்" என்று கடைசியில் ஒரு வரி. அந்த நான் யார்? நான் காதால் சாப்பிடுகிறவன். காலையில் தெரு முழிப்பதற்கு முன்னால் கம்பியோடு நடந்து, இங்கே தோண்டு என்று சொல்லி, சொன்ன இடத்தில் தண்ணீர் பீறிட்டு வரும்போது ஒரு சந்தோஷம் வரும் பார், அது எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

மூன்றாவது சுற்றுக்குப் போகப் போவதில்லை. இரண்டிலேயே அளவு இறங்கிவிட்டது, போதும். இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அதற்கும் "தெரியாது" என்றுதான் பதில் வரும். எங்கள் வேலையில் கசிவு என்று யாராவது வந்து சொன்னால் முதல் கேள்வி, 'எங்கே?' ஏன், எப்படி எல்லாம் அப்புறம். உன் காவல்காரன் எங்கே நிற்கிறான்? செல்லுக்கு உள்ளேயா, வாசலிலா, தெருமுனையிலா? ஒரு வருஷமாக வைத்திருக்கிறாய், அவன் நிற்கிற இடம் தெரியாதா?

இப்படிக்கு


ஏப்ரல் 2

வாலு,

கையெழுத்துப் போடாமல் விட்டாய். சின்ன வயசில் முழு ஆண்டு லீவில் சண்டை போட்டுச் சீட்டு எழுதிப் பேசியபோதுகூட நீ அப்படிச் செய்ததில்லை.

உன் கடிதம் வந்ததும் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரியிடம் பேசினேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அவள் "அண்ணி, அவர் சுவத்தப் பாத்து படுத்திருக்கார், திரும்பவே மாட்டேங்கறார்" என்று அழுதாள். 31-ஆம் தேதியும் நீ போகவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். தயவுசெய்து மெதுவாகப் படி.

எங்கே நிற்கிறான் என்று கேட்டாய். அந்தச் சோதனை அடுத்த மாதத்துக்கு என்று வைத்திருந்தோம். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அன்றே மீன் அறைக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன், ஒளிக்கவில்லை.

முதலில், குஞ்சுகளைக் காவல்காரனில் ஊறவிட்டேன். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, மருந்து கலந்த தண்ணீருக்கு மாற்றினேன். காவல்காரன் செல்லுக்குள் நிற்கிறவன் என்றால், கழுவினாலும் உள்ளே இருப்பான், காப்பாற்றுவான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. ஒரு கொத்துகூட மிச்சமில்லை. வேறு குஞ்சுகளை வைத்துத் திரும்பச் செய்தேன். அதே இருட்டு.

அப்படியென்றால் அவன் மீனுக்குள் போகவே இல்லை. பின்னே இத்தனை நாள் எப்படிக் காப்பாற்றினான்? மீனே இல்லாமல் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் மருந்தையும் காவல்காரனையும் சேர்த்து வைத்தேன். அந்தக் கலவையைப் பக்கத்து ஆய்வகத் தோழியிடம் கொடுத்தேன். அவள் கட்டிச் செல்களைத் தட்டில் வளர்க்கிறவள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"ஏய், நீ குடுத்தது மருந்துதானா, வெறும் தண்ணியா?"

"மருந்துதான். ஏன்?"

"பின்ன ஏன் இதெல்லாம் கல்யாணத்துக்கு வந்த மாதிரி கும்மாளம் போடுது? ஒண்ணுகூட சாகலையே."

போய்ப் பார்த்தேன். தட்டு நிறையக் கட்டிச் செல்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. பக்கத்துத் தட்டில் வெறும் மருந்து மட்டும். அங்கே எல்லாம் செத்துச் சுருங்கிக் கிடந்தன.

புரிகிறதா? காவல்காரன் செல்லில் நிற்கவில்லை, வாசலிலும் நிற்கவில்லை. தெருமுனையிலேயே நின்று மருந்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். தண்ணீரிலேயே மருந்து செத்துவிடுகிறது. மீனுக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை, அதனால்தான் விளக்கு அணையவில்லை. நான் ஒரு குப்பி அனுப்பி, நீ அதைப் போட்டுக்கொண்டிருந்தால், உன் ரத்தத்திலேயே மருந்தைப் பிடித்து வைத்திருப்பான். காது தப்பியிருக்கும். வயிற்றில் இருக்கிற கட்டி அந்தத் தட்டு மாதிரி ஆகியிருக்கும்.

தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தோழி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றாள். ஒரு வருஷ வேலை சரிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அதுவும்தான். ஆனால் நான் ஸ்டூலில் உட்கார்ந்தது அதற்காக இல்லை.

அந்தத் தட்டில் கும்மாளம் போட்டவற்றின் உறவுக்காரர்கள் உன் வயிற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ரத்தத்தில் அளவு இறங்குவது ஒன்று, ஒன்றும் மிச்சமில்லாமல் போவது வேறு. மூன்று சுற்று என்று வைத்திருப்பது அதற்காகத்தான்.

போ. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போ. டாக்டரிடம் இதையெல்லாம் கேள்: மருந்தை மெதுவாக ஏற்ற முடியுமா, தண்ணீர் கூடுதலாக ஏற்ற முடியுமா, காய்ச்சல் வந்தால் காதைத் தாக்காத ஆன்டிபயாட்டிக்காகப் பார்த்துக் கொடுக்க முடியுமா. இவையெல்லாம் சின்னச் சின்னத் தடுப்புகள். பெரிய தடுப்பு என்னிடம் இல்லை. இருக்கிற மாதிரி எழுதி உனக்கு ஆசை காட்டியதற்கு வருந்துகிறேன்.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். முடித்தேன். ஒரு மாதம் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை, கையில் பேனா நிற்கவில்லை.

உன் கடிதத்தை என் பெண்டாட்டிதான் படித்துக்காட்டினாள். தட்டு, கும்மாளம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "எந்திரிங்க" என்றாள்.  நான் எழுந்து சட்டையைப் போட்டேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாள் தள்ளிப்போனதற்கு ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். நீ எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"உங்க அக்கா டாக்டரா?"

"மீன் டாக்டர்."

சிரிக்காமல் தலையாட்டினார். "கட்டி முதல்ல, காது ரெண்டாவது. ஆனா ரெண்டாவதுன்னா விட்டுடறதுன்னு அர்த்தமில்ல" என்றார். மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். தண்ணீர் பாட்டில் பாட்டிலாகப் போனது. நடுவில் காய்ச்சல் வந்தது. ராத்திரி டியூட்டி நர்ஸ் ஓர் ஊசியோடு வந்தபோது, "இது காதைத் தாக்குமா?" என்று கேட்டேன். அவர் போய்ப் போன் செய்துவிட்டு, வேறு ஊசியோடு வந்தார். தாக்கியிருக்குமா இருக்காதா, தெரியாது. கேட்டேன் என்பதில் ஒரு திருப்தி.

ஸ்கேன் வந்துவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு தரம் படித்துப் பார், நானும் அப்படித்தான் படித்தேன்.

இனி காது. கோடு இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. இரைச்சல் இருக்கிறது, அதோடு வாடகைக்குக் குடி வந்தவனோடு பழகுகிற மாதிரிப் பழகிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், வார்த்தைகளில் 'ச' எனக்கு விழுவதில்லை. நேற்று என் பெண்டாட்டி வாசலில் நின்று, "ஏங்க, சாவி வீட்டுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குக் கேட்டது, "ஆவி வீட்டுக்குள்ளயா இருக்கு?" நான் பதறிப்போய், "யார் சொன்னா?" என்றேன். பாப்பா அரை மணி நேரம் சிரித்தாள். அதிலிருந்து எனக்கு நல்ல சட்டை வேண்டுமென்றால் "அப்பா, அட்டை மாத்திக்கோ" என்கிறாள்.

வேலையில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. திரும்பப் போன முதல் வாரம், இரும்புக் குழாய் ஓடுகிற ஒரு தெருவில், இங்கே தோண்டுங்கள் என்று காட்டினேன். தோண்டினார்கள். காய்ந்த மண். என் கூட்டாளி கம்பியை வாங்கிக் கேட்டு, இன்னும் தள்ளிக் காட்டினார். தண்ணீர் அங்கே இருந்தது.  தோண்டினவர் "வெயிலு சார், யாருக்கும் தப்பும்" என்றார். நான் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது பிளாஸ்டிக் குழாய் போட்ட புதுப் பகுதிகளுக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் கசிவு சீறாது, 'ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து முனகும். அது எனக்குக் கேட்கிறது. உன் நத்தைக்கூட்டின் உச்சிச் சுருளில் இருக்கிற ஜனங்கள் இன்னும் ஊரைக் காலி பண்ணவில்லை போல. பழைய சந்தோஷம் முழுசாக இல்லை. பாதி இருக்கிறது.

உன்னிடம் ஒரு கேள்வி. காவல்காரன் மோசமானவன் இல்லையே, அக்கா? மருந்தைப் பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன்தானே? தெருமுனையில் நிறுத்தியதுதானே தப்பு? அவனை நேரே காதுக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன?

உன் வாலு


அக்டோபர் 19

டேய் வாலு,

ஸ்கேன் வரியை இரண்டு தரம் இல்லை, இன்றைக்கும் எடுத்துப் படித்தேன்.

மே மாதக் கேள்விக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. காதுக்குள் நேராக வைப்பது புது யோசனை இல்லை, வேறு பொருள்களை வைத்து வேறு ஆய்வகங்களில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காவல்காரனைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் எங்கள் தலைவர் சொன்னார். நான் இன்னும் ஒரே ஒரு தரம் என்று கெஞ்சினேன்.

காவல்காரனை ஒரு கெட்டியான களிம்பில் குழைத்து, கினிப்பன்றியின் செவிப்பறைக்குப் பின்னால் வைத்தோம். (பன்றி என்று பெயர்தான், பார்த்தால் கொழுத்த எலி.) இடது காதில் காவல்காரன் சேர்த்த களிம்பு, வலது காதில் வெறும் களிம்பு. பிறகு உன் மருந்தை ரத்தத்தில் ஏற்றினோம்.

போன வாரம் உள்காதை எடுத்துப் பார்த்தோம். வலது பக்கம், வாசலருகே, வயல் அறுத்து முடித்த மாதிரி வெறுமை. இடது பக்கம் முடிச்செல்களின் மூன்று வரிசையும், அவற்றுக்கு உள்பக்கமாகத் தனியே நிற்கிற ஒற்றை வரிசையும், பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தன. அங்கங்கே பொக்கை, ஆனால் நின்றன. நான் நுண்ணோக்கியைத் தோழியிடம் விட்டுக்கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, "எண்ணு. யாருகிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி எண்ணு" என்றாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ரத்தத்தில் மருந்தின் அளவு குறையவில்லை. உடம்பில் கட்டி வளரவிட்ட எலிகளில் கட்டி சுருங்குவதும் குறையவில்லை. எட்டே கினிப்பன்றிகள், கொஞ்சம் எலிகள். இதை வைத்து யாரிடமும் எதுவும் சொல்லிவிட முடியாது. மனிதருக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம், வராமலும் போகலாம்.

உனக்கு இது உதவாது. உன் காதில் போனவர்களை இது திருப்பிக் கொண்டுவராது. அதனால்தான் எழுதுவதற்குத் தயக்கமாக இருந்தது. உன் கேள்வியிலிருந்து பிறந்தது உனக்கே பிந்திவிட்டது என்று எப்படிச் சொல்வது? நான்கு நாளாக இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், உனக்கு ஏற்றிய மருந்து காதுக்குள் போனால் மாதக்கணக்கில் அங்கேயே தங்கும். பரிசோதனையை விட்டுவிடாதே.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் லீவு போட்டிருக்கிறேன். நீ முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டாம் என்று சொன்ன விஷயத்தைப் பேச மாட்டேன். 6-ஆம் தேதிக் காலை ரயில். வரட்டுமா?

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இதென்ன கேள்வி, வரட்டுமா என்று? பாப்பா இன்றைக்கே அத்தைக்குத் தன் கட்டிலில் பாதி இடம் ஒதுக்கிக் கோடு போட்டுவிட்டாள்.

எனக்குப் பிந்திவிட்டது என்று நான்கு நாள் உட்கார்ந்திருந்தாயாம். நீ பெரிய படிப்பெல்லாம் படித்தும் அசடுதான். போன வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சராம். என் மருந்தேதான், அடுத்த திங்கட்கிழமை முதல் சுற்று. மொட்டையாக இருந்த என் தலையில் முடி வளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, முடி திரும்ப வந்துருது. வேற எதாச்சும் போயிருமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். காது பரிசோதனையை மருந்து ஏறுவதற்கு முன்னாலேயே செய்துகொள்ளுங்கள் என்றேன். என் ஆபீஸ் கோடு மாதிரி அவரிடம் பழைய கோடு எதுவும் இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடமே போனேன். "முதல் சுற்றுக்கு முன்னாலேயே எல்லோருக்கும் காது பார்த்தால் என்ன, டாக்டர்?" என்று கேட்டேன். "உங்க மீன் டாக்டர் சொன்னாங்களா?" என்றார். இல்லை, நான்தான் என்றேன். டீச்சருக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து மற்றவர்களுக்கும் எழுதுகிறார் என்று, நேற்று முடிவு வாங்கப் போனபோது, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பெண் சொன்னாள்.

டீச்சருக்கும் உன் களிம்பு பிந்தித்தான் வரும். யாரோ ஒருவருக்குப் பிந்தாமல் வரும் இல்லையா? எண்ணி முடி. தோழி சொன்னதுதான் சரி.

வரும்போது அந்தக் கினிப்பன்றிக் காதுகளின் படங்களை எடுத்து வா, இடது, வலது இரண்டும். எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. அந்த ஒற்றை வரிசை ஏன் ஒற்றையாக நிற்கிறது? மற்ற மூன்றும் எதற்கு? மீன் முளைக்க வைப்பதை நம் உடம்பு ஏன் மறந்தது? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைக்கிறேன், போனில் கேட்டால் உன் பதிலில் பாதி எனக்குக் கேட்காது.

நான்தான் ஸ்டேஷனுக்கு வருவேன். ஒலிபெருக்கியில் சொல்வது எனக்குக் கொழகொழவென்றுதான் விழும், ஆனால் பலகையைப் படித்துவிடுவேன். கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்தாதே, அக்கா. இறங்கியதும் கையைத் தூக்கி ஆட்டு. நான் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

உன் வாலு